கால்கட்டு

உனக்கு வேறு வேலையே கிடையாதா? செத்துப்போன ஒருத்தி எப்படிப்பட்டவள் என்று அவளுடைய சம்பந்தியிடம் வந்து கேட்கிறாயே, உலகத்தில் எந்தச் சம்பந்தியாவது இன்னொரு சம்பந்தியை நல்லவள் என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? அடுப்படியில் உன் அம்மா இருக்கிறாள். அவளைப் பெற்றவளைப் பற்றி அவளிடம் போய்க் கேள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வாள். என்னிடம் கேட்டால் நடந்ததைத்தான் சொல்வேன். அதில் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும். அப்புறம், அப்பத்தா நீங்களா இப்படி என்று என் முகத்தைப் பார்க்கக் கூடாது.

கேட்கிற அழகு வேறு. அம்மாயி எப்படி இருப்பாங்க என்றால் நான் என்ன சொல்ல? ஆள் குட்டை. நடை வேகம். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பாள். போதுமா? போதாது, நன்றாகச் சம்மணம் போட்டுவிட்டாய். சரி.

மோந்து பார்ப்பது என்றால் சாம்பாரையும் ரசத்தையும் மட்டும் இல்லை. பாலை மோப்பாள், பால் வாங்கி வந்த தூக்குவாளியை மோப்பாள். துவைத்து மடித்த சேலையை மோப்பாள். மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே மோப்பாள். கோயிலில் கொடுத்த விபூதியை மோந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் வைத்தாள், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். சாமி கொடுத்ததில் என்ன கலப்படம் இருக்கும் என்று கேட்டதற்கு, சாமி எங்கே கொடுத்தது, பூசாரிதானே கொடுத்தான் என்றாள். 

அவளுக்கு ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காட்டு ஊர். அங்கிருந்து அரியலூர் வந்து, பஸ் மாறி பெரம்பலூர் வந்து, மறுபடி மாறி வேப்பந்தட்டை பஸ் பிடித்தால்தான் நம் ஊர். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவளோடு ஒரு தடவை நின்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரம்பலூர் போகுமா என்று கண்டக்டரைக் கேட்டாள். போகும் என்றார். டிரைவரைக் கேட்டாள். ஏறி உட்கார்ந்து பக்கத்தில் இருந்த பெரியவரைக் கேட்டாள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். டீக்கடையில் போய் விசாரித்துவிட்டு வருவதற்குள் அந்த பஸ் பெரம்பலூருக்குப் போய்விட்டது. பார்த்தீங்களா, பெரம்பலூர் பஸ்தான் அது என்று என்னிடமே சொன்னாள், நான்தான் சந்தேகப்பட்ட மாதிரி.

உன் அப்பனுக்குப் பெண் பேசியபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை வீடு பார்க்க அவர்கள் வந்த அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள், பெண்ணைப் பெற்றவளைக் காணோம். போய்ப் பார்த்தால் கொல்லைக் கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைத்து மோந்துகொண்டிருக்கிறாள். அதற்கு முன்பே ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி, தெருவில் ஒவ்வொரு வீடாக நான் எப்படிப்பட்டவள் என்று விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி சொன்னாளாம், அந்தம்மாவுக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம், மற்றபடி தங்கம் என்று. அதை என்னிடமே வந்து, அப்படியாங்க என்று கேட்டாள். அந்த நீள வாயை வைத்துக்கொண்டே இல்லை என்று எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது சிரிக்கவில்லை. அப்போது வீட்டில் சிரிப்பே இல்லை. உன் அம்மா கல்யாணமாகி வந்து இரண்டு தடவை முழுகாமல் இருந்து, இரண்டும் நிற்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நானும் சொல்லக் கூடாதுதான், ஆனால் சொல்லாவிட்டால் மேற்கொண்டு உனக்கு ஒன்றும் புரியாது.

நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டால் பிறகு அவள் பேர் மறந்துவிடும். "நிக்காதவ" என்றுதான் பேசிக்கொள்வார்கள். எதிர்வீட்டுக்காரி தினமும் வேலியண்டை வந்து, இந்தத் தடவயாச்சும் நின்னுருக்கா என்று கேட்பாள். அக்கறையாகத்தான் கேட்பாள், பொல்லாதவள் இல்லை. ஆனால் தினமும் கேட்பாள். அவளைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரி வருவாள். உன் அம்மா அந்தச் சத்தம் கேட்டாலே அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள்.

மூன்றாவதாக நீ. ஐந்தாம் மாதம் தாண்டியதும் டாக்டரம்மா அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏறக் கூடாது, ஆட்டோவில்கூட ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கேயும் போகக் கூடாது. தாய்வீட்டுக்குப் போக முடியாத பெண்ணைப் பார்க்கத் தாயே இங்கே வந்து இறங்கிவிட்டாள்.

வந்தவள் கொண்டுவந்த சாமானைப் பார்க்க வேண்டுமே. அரிசி, பருப்பு, சட்டி, இரண்டு கேன் தண்ணீர். ஒரு பை சின்ன வெங்காயம். பெரம்பலூர்ச் சீமையிலிருந்து உலகத்துக்கே சின்ன வெங்காயம் போகிறது, நம் வீட்டு அறையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இந்த ஊருக்கு வெளியிலிருந்து வெங்காயம் கொண்டுவந்தவள் உன் அம்மாயி ஒருத்திதான். பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சம்பந்தி வீட்டில் கை நனைப்பதில்லை, அது எங்கள் வீட்டு வழக்கம் என்றாள். அப்படி ஒரு வழக்கத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டித் தனக்கும் மகளுக்கும் தனியாகப் பொங்கினாள். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டும் இந்த வீட்டில்தானே போயிற்று. நான்தான் ஏதோ சோற்றில் கலக்கிறேன் என்று நினைக்கிறாள்.

அதோடு விட்டாளா? அந்த வருஷம்தான் உன் தாத்தா கடன்பட்டு இந்தக் கூடத்துக்கு டைல்ஸ் போட்டிருந்தார். முகம் தெரியும், அப்படி ஒரு பளபளப்பு. வந்த முதல் நாளே கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் கோணிச்சாக்கை விரித்துப் போட்டுவிட்டாள். வழுக்கும் என்றாள். வருகிறவர்கள் எல்லாம் இது என்ன களத்துமேடா என்று கேட்டார்கள். நான் காலையில் சாக்கை எடுத்துச் சுருட்டி வைப்பேன், அவள் விரிப்பாள். சுருட்டுவேன், விரிப்பாள். இரண்டு பேரும் வாயே திறக்க மாட்டோம். மரியாதை முக்கியம் இல்லையா.

அந்தச் சமயத்தில் என் செவலைக்கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. கூடை ஓட்டையாகிவிட்டது என்று பிளாஸ்டிக் அன்னக்கூடையில் உரச்சாக்கை மடித்துப் போட்டு, பதினோரு முட்டை வைத்திருந்தேன். இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சு பொரித்தது. ஒன்பதாவது மறுநாள் காலையில் வந்தது. கன்னங்கரேல் என்று, காக்கைக் குஞ்சு மாதிரி. வந்தது எழுந்திருக்கவில்லை. கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக விரிந்து, வயிறு தரையில் ஒட்டிக் கிடந்தது. கோழி இரண்டு கொத்து கொத்தி ஒதுக்கிவிட்டது. நான் எடுத்துப் பார்த்தேன். இது நிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று சொல்லித் துவைகல் மேல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அப்போது உன் அம்மாயி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் குஞ்சைக் காணோம். காக்காய்க்குக் கொடுத்துவைத்தது என்று நினைத்து மறந்துவிட்டேன்.

மறுநாள் சம்பந்தி ரோட்டுப் பக்கமிருந்து வருகிறாள். முந்தானைக்குள் என்னவோ மறைத்திருக்கிறாள், நடக்க நடக்கக் கண்ணாடி உரசுகிற சத்தம். யதேச்சையாகப் போகிற மாதிரி வெங்காய அறைப் பக்கம் போனேன். குவார்ட்டர் பாட்டில். ஒன்றில்லை, மூன்று. புளியமரத்தடியில் ஆம்பிளைகள் குடித்துவிட்டுப் போடுவது. எனக்கு அடிவயிற்றில் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். விபூதியையே மோந்து பார்ப்பவளுக்கு இந்தப் பழக்கமா என்று. அவள் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, சுவரோரம் வைத்திருந்த பாட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து, ஆமாம், நான்தான், மோந்து பார்த்தேன். வெந்நீர். வெறும் வெந்நீர். துணி சுற்றி வைத்திருக்கிறாள். வெந்நீரை ஒளித்துவைத்து எவள் குடிப்பாள்? சந்தோஷம் போய்ப் பயம் வந்தது.

அதன் பிறகு என் கண் அவள் மேலேயேதான். விரல் நுனியெல்லாம் மஞ்சள். கருப்பட்டி டப்பாவில் ஒரு கட்டி குறைகிறது. உன் அம்மாவுடைய பழைய சேலைக் கரையிலிருந்து சிவப்பு நூலைப் பிரித்துப் பிரித்துத் திரிக்கிறாள். ஒரு மணிக்கு ஒரு தடவை வெங்காய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். உள்ளேயிருந்து மெதுவாகப் பேச்சுச் சத்தம். கதவில் காதை வைத்தேன். "நில்லு... நில்லு... எங்க போவப் பாக்குற, நில்லு." யாரை நிற்கச் சொல்கிறாள்? அறைக்குள் வெங்காயத்தைத் தவிர யாரும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், கொல்லைப்புற ஜன்னல் சந்து வழியாகப் பார்த்துவிட்டேன். மூட்டைகளுக்கு நடுவில் சாக்கு விரித்திருக்கிறது. மூன்று பக்கமும் அந்த பாட்டில்கள் நிற்கின்றன. நடுவில் கருங்குஞ்சு. தொப்புளில் மஞ்சள் பூசி, இரண்டு காலையும் சிவப்பு நூலால் கட்டியிருக்கிறாள். நான் பார்க்கப் பார்க்க அதைப் பித்தளை டம்ளருக்குள் தலை மட்டும் தெரிய இறக்கி வைத்தாள். எதிரில் குந்திக்கொண்டு அதோடு பேசுகிறாள்.

நீ படித்தவள், சிரிப்பாய். கருங்குஞ்சு என்றால் இந்தப் பக்கம் எதற்கு என்று உனக்குத் தெரியாது. கண்ணேறு, செய்வினை என்று கழிப்புக் கழிக்கிறவர்கள் கேட்பது அது, தலையைச் சுற்றி முச்சந்தியில் விடுவது அது. அதுவும் காலைக் கட்டி, மஞ்சள் பூசி, சிவப்பு நூலில். நேராக எதிர்வீட்டுக்காரியிடம் போனேன். அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. எத்தனை முடிச்சு, எந்தக் கிழமை என்று விவரம் கேட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், அக்கா, இது வாய்க்கட்டு என்று. மாமியார் வாயைக் கட்டுகிற வேலையாம். மூன்று நாள் கட்டி வைத்து, கட்டோடு புதைத்துவிட்டால் அந்த மாமியார் ஆயுசுக்கும் மருமகளை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாதாம்.

மறுநாள் காலையில் எழுந்து உன் அப்பனைக் கூப்பிடுகிறேன், சத்தம் வரவில்லை.

சத்தியமாக வரவில்லை. வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, முற்றத்தோடு திரும்பி ஓடிவிட்டாள். அரை மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் வேப்பந்தட்டையில் வெயிலுக்கு இதமாக இரண்டு குச்சி ஐஸ் தின்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் உன்னிடம் சொல்கிறேன். சர்க்கரை இருக்கிறவளுக்கு வீட்டில் யார் ஐஸ் வாங்கிக் கொடுப்பார்கள்?

அவள் குளிக்கப் போகிற நேரத்துக்குக் காத்திருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டதும் கத்திரியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். குஞ்சை டம்ளரிலிருந்து எடுத்துச் சாக்கில் வைத்தேன். அது பட்டனைப் போன்ற கண்ணால் என்னைப் பார்த்தது. நூலை வெட்டினேன். வெட்டியதும் எனக்குத் தொண்டை திறக்கும் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. குஞ்சின் கால்தான் திறந்தது. பொத்தென்று இரண்டு பக்கமும் விரிந்து, வயிறு தரையில் பட, கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அப்படியே கிடந்தது.

திரும்பிப் பார்த்தால் வாசலில் அவள் நிற்கிறாள். தலையில் ஈரம் சொட்டுகிறது. சேலையைச் சரியாகக்கூடச் சுற்றவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குஞ்சை எடுத்துக் காலைத் தடவிப் பார்த்தாள். நான் இருக்கிற காற்றையெல்லாம் கூட்டிக் கேட்டேன், எனக்கு ஏன் வாயைக் கட்டினீர்கள் என்று. அவள் காதில் முதலில் விழவில்லை. அப்புறம் புரிந்தது. என் முகத்தருகே குனிந்து, நீயே சொல்லு, என்ன செய்திருப்பாள்? என் வாயை மோந்து பார்த்தாள்.

"தொண்டையில சளி கட்டியிருக்கு. எதையோ குளுந்தது தின்னுருக்கீங்க" என்றாள். "இது வாய்க்கட்டு இல்லீங்க சம்பந்தி. கால்கட்டு. உரச்சாக்கு வழவழன்னு இருக்கும், அதுல பொரிச்ச குஞ்சுக்குக் காலு ஊணாது, வழுக்கிக்கிட்டுப் போயிரும். ரெண்டு காலையும் அளவா சேத்துக் கட்டி சொரசொரப்புல வுட்டா நாலஞ்சு நாள்ல ஊணிக்கும். தொப்புளு சீப் புடிக்காம இருக்க மஞ்ச, நிமிந்து இருக்க டம்ளரு, கதகதப்புக்கு வெந்நித் தண்ணி."

அதற்கு ஏன் இந்த ஒளிவு மறைவு என்று சைகையில் கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அன்னைக்குத் தொவக்கல்லுக்கிட்ட என்ன சொன்னீங்க?"

எனக்கு நினைவில்லை.

"இது நிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான்னீங்க. ஒங்களுக்கு அது குஞ்சு. ஜன்னலுக்கு அந்தாண்ட எம்மவ படுத்துருந்தா. அன்னைலேருந்து வயித்துல வச்ச கைய எடுக்கல. சோத்துல ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. அந்தக் குஞ்சு என்னாச்சும்மா, அந்தக் குஞ்சு என்னாச்சும்மான்னுதான் கேக்குறா. நின்னுச்சுன்னு பொய் சொல்லலாம். நான் பெத்தது, அவளும் நம்ப மாட்டா. கண்ணுல காமின்னு கேக்குறா. அது நிக்கிறதுக்குள்ள யாராச்சும் பாத்துட்டு மறுபடி நிக்காதுன்னுட்டா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாக்கு இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இல்லாததே நல்லதாகப் போயிற்று.

"நான் டிரைவரு சொன்னாலே நம்ப மாட்டேன்" என்றாள். "நீங்க நிக்காதுன்னு சொன்னா மட்டும் நம்பிருவேனா?"

குஞ்சை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் நூலைத் திரிக்க, நான் காலைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தேன். ஒரு தீக்குச்சி கனம்கூட இல்லாத கால். அதில் மூங்கில் நாரைப் போல ஒரு நடுக்கம். இறுக்கிக் கட்டினால் ரத்தம் போகாது, தளர்த்தினால் விரிந்துவிடும், நெல்மணி அகலத்துக்கு இடைவெளி விடணும் என்று சொல்லிச் சொல்லிக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது எதிர்வீட்டுக்காரி சொன்ன கதையை என் காற்றுக் குரலில் அவளிடம் சொன்னேன். தெரு முழுக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா கோபத்தை அடக்கினாளா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கே அன்னக்கூடையிலிருந்த உரச்சாக்கை எடுத்து எறிந்துவிட்டு மணலும் வைக்கோலும் போட்டேன். கூடத்துக் கோணிச்சாக்கில் அதற்கப்புறம் நான் கை வைக்கவில்லை.

நான் வெட்டியதில் இரண்டு நாள் பின்னால் போய்விட்டது என்றாள். அதை மட்டும் அடிக்கடி சொல்லிக்காட்டினாள். முறை போட்டுக்கொண்டு பார்த்தோம். ஆறிப்போன பாட்டிலை எடுத்து வெந்நீர் மாற்றுவது என் வேலை. கருப்பட்டித் தண்ணீரையும் நொய்க்கஞ்சியையும் விரல் நுனியில் தொட்டு அலகில் சொட்டுவிடுவது அவள் வேலை. அதை என்னிடம் விடவில்லை. நான் கொண்டுபோகிற வெந்நீரைக்கூட மூடி திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். நம்பிக்கை வந்துவிட்டது என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. மறுபடி கட்டிய மூன்றாம் நாள் அது நன்றாக எச்சம் போட்டது. அதையும், சொன்னால் நம்ப மாட்டாய், மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். செமிக்குது என்று சொன்னாள். பெரம்பலூர் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்னபோதுகூட அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

உன் அம்மா தினமும் கேட்டாள். நாளைக்கு என்று சொன்னாள் அம்மாயி. நாளைக்கும் நாளைக்கு என்று சொன்னாள். உன் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மாயி கொல்லையில் அடுப்பைப் பற்றவைக்காமலே குந்தியிருந்ததை நான் பார்த்தேன். அவள் எதையும் மோந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு நேரம்தான்.

மறுபடி கட்டிய ஆறாம் நாள் காலையில் கட்டை அவிழ்த்தோம். சாக்கில் விட்டோம். கால் விரியவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை, முட்டி போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டது. நான் வாயைத் திறந்தேன், குரல் அப்போது பாதி வந்திருந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் ஆயிற்று. வெளியே தாய்க்கோழி குப்பையைக் கிளறி மற்றதுகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. இது கழுத்தை நீட்டியது. எழுந்தது. இரண்டு அடி வைத்து விழுந்தது. மறுபடி எழுந்தது, வெங்காயத் தோலைக் கொத்தியது, நின்றது.

அவள் அதை முந்தானையில் எடுத்துக்கொண்டு நேராக உன் அம்மா கட்டிலுக்குப் போனாள். போர்வை வழுக்கும் என்று ஒரு சாக்கை விரித்து அதன்மேல் விட்டாள். பாரு என்றுகூடச் சொல்லவில்லை. உன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவள் கையோரம் வரை நடந்து போய், விழுந்து, எழுந்து, அவள் வளையலைக் கொத்தியது. உன் அம்மா, பசிக்குது என்றாள். உன் அம்மாயி அடுப்பு மூட்டப் போனாள். நானும் கூடப் போனேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். அடுப்பில் அப்போது நெருப்பே வைக்கவில்லை.

நீ மாசம் முழுசாகி, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தாய். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும், உன் அம்மாயி, இது எங்க பிள்ளைதானா என்று மூன்று பேரைக் கேட்டாள். மூன்று பேரும் ஆமாம் என்றார்கள். நல்லவேளை, உன்னை இறக்கிவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போகவில்லை. உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு இழு இழுத்தாள். அப்புறம் மூக்கை எடுக்கவே இல்லை, நான்தான் பிடுங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கையால் சோறு போட்டேன். மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். உப்புக் கம்மி என்றாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்றைக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் பிள்ளை பார்க்க வந்தார்கள். பிள்ளையைப் பார்த்தார்கள் என்று பேர். கண்ணெல்லாம் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கருங்குஞ்சின் மேல்தான். அதற்குள் அது அரைக்கோழி ஆகியிருந்தது. எதிர்வீட்டுக்காரி உன் அம்மா காதில் விழுகிற மாதிரி ஆரம்பித்தாள், ரெண்டு நிக்கல, மூணாவது மட்டும் எப்படி நின்னுச்சு, என்ன செஞ்சீங்க, சும்மா சொல்லுங்க என்று. உள்ளே கட்டிலில் உன் அம்மா உன்னைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். உன் அம்மாயியும் பார்த்தாள்.

நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உரச்சாக்கு, வழுக்கல், வெந்நீர், எல்லாம். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தி முகத்தையும் தனித்தனியாகப் பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"நீங்க கேள்விப்பட்டது நெசந்தாங்க. வாய்க்கட்டுதான். சம்பந்தி நம்ம மனுசின்னு ஆறு நாள்ல அவுத்து வுட்டுட்டேன். இனிமே இந்தத் தெருவுல எம்மவளப் பாத்து நின்னுச்சா நிக்கலையான்னு எவ வாயத் தொறக்குறாளோ, அவளுக்கு அவுக்க மாட்டேன்."